ரப்பர்த் துண்டு சொன்ன செய்தி

வீட்டின் வெளிப்புறத்தில் எதையாவது கட்டி வைத்து மறந்துபோன பழைய ரப்பர் வளையம் ஒன்றைத் தேடி எடுங்கள். அதை மெல்ல இழுத்துப் பாருங்கள். இழுத்த திசைக்குக் குறுக்காக மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். வெயில் பட்டு ரப்பர் கெட்டுவிட்டது என்று நாம் சொல்வோம். வெயிலுக்கும் அதில் பங்கு உண்டுதான். ஆனால், நிழலில் கிடந்த ரப்பரும் வெடிக்கிறதே! அதற்குக் காற்றில் கலந்துள்ள ஓசோன் என்னும் வாயு ஒரு முக்கியக் காரணம். இறுக்கி இழுத்த நிலையில் இருக்கும் ரப்பரை ஓசோன் எளிதில் தாக்கிப் பிளந்துவிடும்.

இந்த எளிய உண்மையைக் கொண்டு ஒரு மாநகரத்தின் காற்றை அளந்த அறிவியலறிஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஆரி ஹாகன்-ஸ்மிட். வாகனங்கள் கக்கும் புகை நகரத்துக் காற்றை எப்படிக் கெடுக்கிறது என்பதை முதன்முதலில் தெளிவாக விளக்கியவர் அவரே. அவருடைய கதையில் ரப்பர் அடிக்கடி தலைகாட்டும். அதனால் அதை மலாக்காவிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் மலாக்கா வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் மரங்களை நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். பின்னர் புக்கிட் அசஹானிலும் அவர் தோட்டம் அமைத்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் விடியுமுன் எழுந்து, பால் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்துத் தூக்கி நடந்தார்கள். அந்தப் பால் உறைந்து, தகடாகி, கப்பலேறி, கடல் கடந்து போய் மகிழுந்துகளின் டயராக மாறியது. டயர்களை அதிகமாகத் தேய்த்த நாடு அமெரிக்கா. அமெரிக்காவிலும் மகிழுந்து மோகம் மிகுந்த ஊர் லாஸ் ஏஞ்சல்ஸ்.

அந்த ஊரில் ஒரு விந்தை நிகழ்ந்தது. மற்ற ஊர்களில் நீண்டநாள் தாங்கிய டயர்களின் பக்கவாட்டில், அங்கு மட்டும் விரைவிலேயே வெடிப்புகள் தோன்றின. ஏன் என்பது நெடுநாள் புதிராகவே இருந்தது.

ஹாகன்-ஸ்மிட் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பிறந்தார். மலாக்காவின் சிவப்புக் கட்டடங்களைக் கட்டிய டச்சுக்காரர்களின் நாடு அது. அவருடைய தந்தை நாணயம் அச்சிடும் அரசுச் சாலையில் வேதியியலாளராகப் பணியாற்றினார். மகனும் வேதியியலையே தேர்ந்தெடுத்தார். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று, செடிகொடிகளுக்கு மணம் தரும் எண்ணெய்ப் பொருள்களை ஆராய்ந்து 1929ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் உட்ரெக்ட் ஆய்வாளர்களை ஒரு கேள்வி ஆட்டிப்படைத்தது. செடி ஏன் ஒளியை நோக்கி வளைகிறது? அதை வளரத் தூண்டும் பொருள் எது? அந்தப் பொருள் செடியில் மிக மிகச் சிறிய அளவில்தான் இருந்தது. அதைப் பிரித்தெடுப்பது வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவது போன்றது. ஹாகன்-ஸ்மிட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அதை எதிலிருந்து பிரித்தார்கள் தெரியுமா? மனிதச் சிறுநீரிலிருந்து! ஏராளமான சிறுநீரைச் சேகரித்து, படிப்படியாக வடித்துச் சுருக்கி, 1934ஆம் ஆண்டில் அந்த வளர்ச்சிப் பொருளைத் துகளாகக் கையில் எடுத்தார்கள். கேட்பதற்கு முகம் சுளிக்கத் தோன்றலாம். ஆனால், பெருங்குவியலுக்குள் ஒளிந்திருக்கும் சிறு துளியைப் பிடிக்கும் பொறுமையை அவர் அங்கேதான் கற்றார் என்று நான் எண்ணுகிறேன். பிற்காலத்தில் அவருக்குப் பெயர் தேடித் தந்ததும் அந்தப் பொறுமைதான்.

1936ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவுக்குச் சென்றார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு இருந்தபின், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். அது லாஸ் ஏஞ்சல்சுக்கு அருகே, மலையடிவாரத்தில் உள்ள பசடீனா என்னும் ஊரில் இருந்தது. செடிகளின் வேதியியலில் ஆழ்ந்து, ஆய்வுக்கூடமே உலகமென்று அவர் வாழ்ந்தார்.

இதற்கிடையில் உலகப் போர் மூண்டது. 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினர். நம் தோட்டங்களிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்றுகொண்டிருந்த ரப்பர் நின்றுபோனது. ரப்பர் இல்லாமல் இராணுவ வண்டிகள் எப்படி ஓடும்? அமெரிக்கா அவசர அவசரமாகச் செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளைக் கட்டியது. அதற்கு வேண்டிய பியூட்டாடையீன் என்னும் பொருளைத் தயாரிக்கும் ஆலை ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நடுவிலேயே எழுந்தது.

1943ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள் அந்நகரைக் கடும் புகை சூழ்ந்தது. மக்களின் கண்கள் எரிந்து நீர் வழிந்தது, தொண்டை கரகரத்தது, சில தெருக்களுக்கு அப்பால் இருந்த கட்டடங்கள்கூடத் தெரியவில்லை. எதிரிகள் நச்சுவாயு வீசிவிட்டார்களோ என்று சிலர் அஞ்சினர். பின்னர் மக்களின் சினம் முழுவதும் அந்தப் பியூட்டாடையீன் ஆலையின்மேல் திரும்பியது. ஆலையைச் சிறிது காலம் மூடினார்கள்; அதன் புகையைக் கட்டுப்படுத்தினார்கள். புகைமூட்டம் மட்டும் போகவில்லை. குற்றவாளி வேறெங்கோ இருந்தான்.

அக்காலத்தில் புகைமூட்டம் என்றாலே நிலக்கரிப் புகையைத்தான் எல்லாரும் நினைத்தார்கள். இலண்டன் போன்ற நகரங்களில் நிலக்கரியை எரிப்பதால் எழும் கந்தக வாயுவும் கரித்தூளும் பனியோடு கலந்து மக்களை வாட்டின. ஆகவே, லாஸ் ஏஞ்சல்சிலும் கந்தகத்தையே தேடினார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் கந்தகப் புகை குறைக்கப்பட்டது. ஆனாலும், மக்களின் கண்கள் எரிந்துகொண்டே இருந்தன.

இந்த நகரத்தின் புகைமூட்டம் வேறு மாதிரியானது. இலண்டனில் அது குளிர்காலத்தில் வரும். இங்கோ வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில்தான் மிகுந்தது. விடியற்காலையில் இல்லாமல் நண்பகலை ஒட்டி உச்சத்தை எட்டியது. கீரை, பீட்ரூட் போன்ற பயிர்களின் இலைகள் அடிப்புறத்தில் வெள்ளி பூசியது போலவோ வெண்கல நிறத்திலோ மாறிப் பாழாயின. கந்தக வாயு இலையை இப்படிக் கெடுப்பதில்லை என்பது செடிகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஹாகன்-ஸ்மிட் செடிகளை அறிந்தவர்.

1948ஆம் ஆண்டு வாக்கில் அவர் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பெருமளவு பழங்களிலிருந்து எழும் ஆவியைக் கடுங்குளிரில் உறையவைத்து, அந்த மணத்துக்குக் காரணமான பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அன்னாசியின் மணத்தைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு நகரத்துக் காற்றின் நாற்றத்தைப் பிடிக்கத் தெரியாதா? கருவிகள் தயாரிக்கும் தொழிலில் பெயர்பெற்றிருந்த ஆர்னால்ட் பெக்மன் அவரை இவ்வாறுதான் இப்பணிக்குத் தூண்டினார். ஹாகன்-ஸ்மிட் பழங்களை ஒதுக்கி வைத்துவிட்டுச் சன்னலைத் திறந்தார். பல்லாயிரம் கன அடிக் காற்றை அதே குளிர்க்குழாய்களின் வழியே இழுத்தார். நீரோடு சேர்ந்து, மூக்கைத் துளைக்கும் பழுப்பு நிறத் துளிகள் சில எஞ்சின. அவற்றைச் சோதித்தார். எரிந்தும் எரியாமலும் போன எண்ணெய்ப் பொருள்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து உருமாறியதால் உண்டானவை அவை. பெட்ரோலின் வாரிசுகள் என்று சொல்லலாம்.

இத்தோடு தம் கடமை முடிந்தது. அன்னாசிக்குத் திரும்பலாம் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். ஆனால், அவருடைய முடிவு பலருக்குக் கசந்தது. எண்ணெய் நிறுவனங்கள் பணம் கொடுத்து வேறோர் ஆய்வு நிலையத்தை அமர்த்தியிருந்தன. அந்நிலையத்தைச் சேர்ந்த ஒருவர், ஹாகன்-ஸ்மிட் பணியாற்றிய கழகத்துக்கே வந்து உரையாற்றினார். ஹாகன்-ஸ்மிட்டின் ஆய்வு பிழையானது என்று அவையில் பேசினார். கூட்டத்தில் ஹாகன்-ஸ்மிட்டும் அமர்ந்திருந்தார். மெல்லப் பேசும் இயல்புடைய அந்த மனிதர் அன்று சினந்துபோனார். செடிகளின் ஆய்வை நிறுத்திவிட்டு, ஓராண்டு முழுவதையும் புகைமூட்டத்துக்கே ஒதுக்கினார். சினம் எப்போதும் தீயது என்று நாம் படித்திருக்கிறோம். அன்று அவருக்கு வந்த சினத்தைப் பற்றி நான் அப்படிச் சொல்லத் துணியமாட்டேன்.

எதை மெய்ப்பிக்க வேண்டும் என்பதை அவர் தெளிவாக வகுத்துக்கொண்டார். பெட்ரோல் ஆவியும், இயந்திரத்தின் கடும் வெப்பத்தில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடும் தனித்தனியாக இருந்தால் இலை இப்படிக் கெடாது. கண்ணும் இப்படி எரியாது. அவ்விரண்டும் வெயிலில் சந்திக்கும்போதுதான் புதிய நச்சு பிறக்கிறது என்பது அவர் கருத்து. ஒரு கண்ணாடிக் குடுவையில் இரண்டையும் கலந்து வெயிலில் வைத்தார். உள்ளே ஒரு சிறு ரப்பர்த் துண்டை வளைத்துப் பொருத்தினார். ரப்பர் வெடித்தது. இருட்டில் வைத்த குடுவையில் அப்படி நிகழவில்லை. கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த செடிகளின்மீது இதே போன்ற கலவையைச் செலுத்தினார். வயல்களில் உழவர்கள் கண்ட அதே வெள்ளிப்பூச்சு இலைகளின் அடியில் தோன்றியது. 1952ஆம் ஆண்டில் இவற்றையெல்லாம் தொகுத்துக் கட்டுரையாக வெளியிட்டார்.

குடுவைக்குள் நடந்தது என்ன என்பதைச் சற்று நின்று கவனிப்போம். இயந்திரத்தின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து நைட்ரிக் ஆக்சைடாகி, வெளியே வந்ததும் நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுகின்றன. நகரத்துக்கு மேலே தெரியும் பழுப்பு நிறம் அதனுடையதுதான். வெயில் அதை உடைக்கும்போது ஓர் ஆக்சிஜன் அணு விடுபடுகிறது. அந்த அணு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டு ஓசோனாகிறது. வழக்கமாக அந்த ஓசோன் நைட்ரிக் ஆக்சைடோடு மோதி அழிந்துவிடும்; கணக்கு நேராகிவிடும். ஆனால், எரியாத பெட்ரோல் ஆவி இடையில் புகுந்தால் அந்தக் கணக்கு கெடுகிறது. ஓசோன் அழியும் வழி அடைபட, அது மேலும் மேலும் சேர்கிறது. வானத்தின் உயரத்தில் நம்மைக் கதிர்களிலிருந்து காக்கும் அதே ஓசோன், நாம் மூச்சுவிடும் உயரத்தில் நுரையீரலைப் புண்ணாக்குகிறது. இடம் மாறினால் நண்பனும் பகைவனாகிறான்.

டயர்களின் புதிரும் இதோடு விடுபட்டது. ஹாகன்-ஸ்மிட் வளைத்த ரப்பர்த் துண்டுகளைத் திறந்தவெளியில் வைத்து, முதல் வெடிப்பு தோன்ற எவ்வளவு நேரமாகிறது என்று கணித்தார். புகைமூட்டம் மிகுந்த நாளில் சில நிமிடங்களே போதுமாயிருந்தன. தூய்மையான நாளில் பல மடங்கு நேரமாயிற்று. விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி, கையளவு ரப்பரே ஓசோன் அளக்கும் கருவியாயிற்று.

இப்போது போக்குவரத்துக்கு வருவோம். லாஸ் ஏஞ்சல்சில் ஒரு காலத்தில் மின்சாரத்தால் ஓடும் டிராம் வண்டிகள் நகரம் முழுவதும் சென்றன. மக்கள் மகிழுந்து வாங்க வாங்க, டிராம் தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. புறநகருக்குச் சென்ற பெரிய டிராம் நிறுவனத்தின் கடைசித் தடமும் 1961ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அகன்ற விரைவுச்சாலைகள் எழுந்தன. வீடு ஓரிடம், வேலை வேறிடம் என்று ஊர் விரிந்தது. காலையில் இலட்சக்கணக்கான வண்டிகள் ஒரே நேரத்தில் புறப்பட்டன. அவை கக்கிய புகையை நண்பகல் வெயில் சமைத்தது. பிற்பகலில் கடற்காற்று அதை உள்நாட்டை நோக்கித் தள்ளியது. மலைகள் அதை வழிமறித்தன. மேலே சூடான காற்றடுக்கு ஒன்று மூடிபோல் கவிந்திருந்தது. ஆகவே, வண்டிகள் நெருக்கியடித்த நகர மையத்தைவிட, மலையடிவாரத்துப் பசடீனாவில் ஓசோன் மிகுதியாக இருந்த நாள்கள் பல. ஹாகன்-ஸ்மிட்டின் சொந்த ஊரே அதற்குச் சான்றாக இருந்தது.

மகிழுந்து நிறுவனங்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. 1953ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டார மன்ற உறுப்பினர் கென்னத் ஹான், ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி இதுபற்றிக் கேட்டார். புகை காற்றில் விரைவாகக் கலைந்துவிடும். அதனால் சிக்கல் ஏதுமில்லை என்ற பொருளில் விடை வந்தது. ஹான் விடவில்லை, ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். பின்னர் வெவ்வேறு குழுவினர் செய்த ஆய்வுகள் ஹாகன்-ஸ்மிட்டின் முடிவையே உறுதிப்படுத்தின. 1960ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் வாகனத் தூய்மைக்கேட்டைக் கட்டுப்படுத்த ஒரு வாரியம் அமைத்தது. ஹாகன்-ஸ்மிட் அதில் உறுப்பினரானார். 1968ஆம் ஆண்டில், புதிதாக அமைந்த காற்று வள வாரியத்தின் முதல் தலைவராக ஆளுநர் ரோனால்ட் ரேகன் அவரை அமர்த்தினார்.

ஆய்வுக்கூடத்தில் உண்மையைக் கண்டுபிடிப்பது ஒருவகைக் கடினம். அதைச் சட்டமாக்கி நடைமுறைப்படுத்துவது வேறுவகைக் கடினம். 1966ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியாவில் விற்கப்பட்ட புதிய மகிழுந்துகள் எரியாத பெட்ரோல் ஆவியையும் கார்பன் மோனாக்சைடையும் குறைவாக வெளியிட வேண்டும் என்று விதித்தார்கள். நிறுவனங்கள் அதைச் செய்தன. எப்படி? எரிபொருளை மேலும் நன்றாக, மேலும் சூடாக எரியவிட்டன. வெப்பம் கூடினால் நைட்ரஜன் ஆக்சைடும் கூடும் அல்லவா? ஒன்று குறைய மற்றொன்று பெருகியது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடக் கூடாதே என்று ஹாகன்-ஸ்மிட் கவலைப்பட்டிருப்பார். இரண்டையும் சேர்த்துக் கட்டுப்படுத்தாவிட்டால் பயனில்லை என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

1971ஆம் ஆண்டு முதல் புதிய மகிழுந்துகளின் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் வரம்பு வந்தது. சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை என்ன செய்வது? 1966 முதல் 1970 வரை விற்கப்பட்ட மகிழுந்துகளில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கருவி ஒன்றைப் பொருத்த வேண்டும் என்ற திட்டம் எழுந்தது. புதிய வண்டிக்கு விதி போட்டால் நிறுவனம் முணுமுணுக்கும்; பழைய வண்டிக்கு விதி போட்டால் வீட்டுக்கு வீடு முணுமுணுப்பார்கள். செலவு யாருடையது, வண்டியின் வேகம் குறையுமா, எண்ணெய் கூடுதலாகச் செலவாகுமா என்று கேள்விகள் கிளம்பின. திட்டத்தைத் தள்ளிவைக்கும்படி அழுத்தம் பெருகியது. ஹாகன்-ஸ்மிட் இசையவில்லை. 1973ஆம் ஆண்டின் இறுதியில் அவரை அமர்த்திய ஆளுநரே அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்குக் கிடைத்ததும் அதே 1973ஆம் ஆண்டுக்குத்தான்.

வாகன ஓட்டிகளின் கேள்விகள் நியாயமற்றவை என்று நான் சொல்லமாட்டேன். பழைய வண்டி வைத்திருப்பவர் பெரும்பாலும் வசதி குறைந்தவர். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் பழைய மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒருவரிடம் புதிய கருவிக்குப் பணம் கேட்டால் அவர் என்ன செய்வார்? ஆனால், அதே மனிதரின் குழந்தை மூச்சுத் திணறும்போது மருத்துவச் செலவும் அவருடையதுதானே? இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவே நின்றவர் ஹாகன்-ஸ்மிட். அவர் மூச்சின் பக்கம் சாய்ந்தார், பதவியை இழந்தார்.

1975ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் புதிய மகிழுந்துகளில் வினையூக்கி மாற்றி என்னும் கருவி பொருத்தப்பட்டது. புகைக்குழாய்க்குப் போகும் வழியிலேயே நச்சுவாயுக்களை மாற்றிவிடும் கருவி அது. ஈயம் கலந்த பெட்ரோல் அக்கருவியைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. அதன்பின் லாஸ் ஏஞ்சல்சில் வண்டிகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போனபோதும் ஓசோனின் உச்ச அளவு பெரிதும் இறங்கியது. முற்றாகத் தீர்ந்துவிடவில்லை, இன்றும் அந்நகரின் காற்று பல நாள்களில் பாதுகாப்பு வரம்பைத் தாண்டுகிறது.

ஹாகன்-ஸ்மிட் இந்த மாற்றத்தின் தொடக்கத்தை மட்டுமே கண்டார். 1977ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் பசடீனாவில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், எல் மான்டே என்னும் ஊரில் இருந்த காற்று வள வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டியிருந்தார்கள். வாகனங்களின் புகையைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் அது.

மலேசியாவில் 1974ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று சுற்றுச்சூழல் துறையின் கண்காணிப்பு நிலையங்கள் மலாக்காவிலும் உள்ளன. அவற்றுள் ஒன்று புக்கிட் ரம்பாயில் இருக்கிறது. நாம் கைப்பேசியில் பார்க்கும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் பொருள்களில் நுண்துகள், நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றோடு ஓசோனும் உண்டு. அண்டைநாட்டுக் காட்டுத்தீயால் வரும் புகைமூட்டத்தின்போது மட்டுமே பலர் அந்தக் குறியீட்டைத் தேடுகிறார்கள். மற்ற நாள்களில் வானம் தெளிவாகத் தெரிகிறது, யாரும் பார்ப்பதில்லை. வார இறுதியில் விரைவுச்சாலையிலிருந்து ஆயர் குரோ வழியாக வரும் சுற்றுலா வண்டிகள் டச்சுச் சதுக்கத்தை நோக்கி ஊர்ந்து செல்லும் காட்சியை மலாக்கா மாணவர்கள் நன்கறிவார்கள். நின்று நின்று நகரும் வண்டி, சீராக ஓடும் வண்டியைவிட அதே தொலைவுக்கு அதிகப் புகையைக் கக்கும். ஜோங்கர் தெருவில் வார இறுதி இரவுச் சந்தைக்காக வண்டிகளைத் தடுக்கிறார்கள். அத்தெருவில் நடப்பவர்களுக்கு அது நன்மையே. ஆனால், தடுக்கப்பட்ட வண்டிகள் அடுத்த தெருவில் இயந்திரத்தை அணைக்காமல் காத்திருந்தால் புகை இடம் மாறுமே தவிரக் குறையாது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது சாலைகள் வெறிச்சோடின. உலகின் பல நகரங்களிலும் அந்த மாதங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு சட்டென்று குறைந்தது. ஆனால், பல இடங்களில் ஓசோன் குறையவில்லை. சில இடங்களில் சற்றுக் கூடவும் செய்தது. வண்டிகள் இல்லாதபோது ஓசோன் எப்படிக் கூடும் என்று பலர் வியந்தனர். ஹாகன்-ஸ்மிட்டின் குடுவையை நினைவில் வைத்திருப்பவருக்கு விடை தெரியும். சாலையில் புதிதாக எழும் நைட்ரிக் ஆக்சைடு அருகிலுள்ள ஓசோனைத் தின்றுவிடும். தின்பது குறைந்தால் மிஞ்சுவது கூடும். போக்குவரத்தில் ஒரு மாற்றம் செய்தால் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பதற்கு இன்று புற ஊதா ஒளியால் இயங்கும் நுட்பமான கருவிகள் இருக்கின்றன. டயர்களிலும் ஓசோனைத் தாங்கும் பொருள்களைக் கலந்துவிடுகிறார்கள். ஆகவே, அவை முன்போல் விரைவில் வெடிப்பதில்லை. ஆனால், கடையில் வாங்கும் சாதாரண இயற்கை ரப்பர் வளையம் இன்னும் பழைய குணத்தோடுதான் இருக்கிறது. ஒரே கட்டிலிருந்து சில வளையங்களை எடுத்து, ஒரே அளவு இழுத்துச் சிறு பலகைகளில் மாட்டுங்கள். வெயிலும் மழையும் படாத நிழலில், ஒன்றைப் பட்டணத்துச் சாலையோரத்திலும், ஒன்றைப் பள்ளியிலும், ஒன்றைத் தோட்டத்து உறவினர் வீட்டிலும், ஒன்றைக் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டிக்குள்ளும் வையுங்கள். நாள்தோறும் உருப்பெருக்கியால் பார்த்து, முதல் வெடிப்பு தோன்றிய நாளைக் குறியுங்கள். சாலையோரத்து வளையம்தான் முதலில் வெடிக்கும் என்று இப்போதே எழுதி வைத்துவிட வேண்டாம்.